முடியில்லாத பூனைக்குட்டிக்கு முதல் மருந்து சூடு

போடிமெட்டு வழியாக மலையேறி வருபவர் காணும் கேரளம் வேறு. வாளையாறு வழியாக ரயிலில் வந்து இறங்குபவர் காணும் கேரளம் வேறு. மூணாற்றை அடுத்த செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பகுதிகளில் தை மாத விடியற்காலையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். 2019 ஜனவரியில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. பாலக்காட்டிலோ 2016 ஏப்ரலிலும் 2024 ஏப்ரலிலும் வெயில் 41 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியது. இரண்டும் ஒரே மாநிலம்தான். நடுவில் உள்ளது ஒரு நாள் பஸ் பயணம்கூட இல்லை.

இந்த இரண்டு இடங்களிலும் தமிழர் குடியிருப்புகளில் பூனைக்குக் குறைவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் அரிசி மூட்டையை எலியிடமிருந்து காப்பாற்ற ஒரு பூனை வேண்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் களத்து நெல்லுக்கும் அதே காவல்தான். பூனை இருந்தால் ஈற்றும் இருக்கும். நாலு குட்டி போட்டால் அதில் ஒன்று முடி உதிர்ந்து, காதோரம் பொருக்குத் தட்டி, தோல் தெரிய ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பது அடிக்கடி காணும் காட்சி.

அதைப் பார்த்ததும் வீட்டில் என்ன நடக்கிறது? பரிதாபப்பட்டவர்கள் அலமாரியைத் திறக்கிறார்கள். மண்ணெண்ணெய், டெட்டால், யூகலிப்டஸ் தைலம், பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சொறிக் களிம்பு என்று கைக்கு எது எட்டுகிறதோ அதைத் தடவுகிறார்கள். பிறகு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். மறுநாள் காலையில் குட்டி விறைத்துக் கிடக்கிறது. "சொறி முற்றிவிட்டது, பிழைக்காது என்று அப்போதே தெரியும்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

சொறி ஒரே ராத்திரியில் கொல்லாது. குளிர் கொல்லும். தப்பான மருந்தும் கொல்லும். இந்த இரண்டிலிருந்தும் குட்டியைத் தப்ப வைத்துவிட்டால், சொறிக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய அவகாசம் தானே கிடைத்துவிடும்.

டம்ளர் டீயும் அண்டா டீயும்

டம்ளரில் ஊற்றிய டீ சீக்கிரம் ஆறிவிடும். அண்டாவில் இருப்பது வெகுநேரம் சுடும். குட்டி உடம்பு டம்ளர் டீயைப் போன்றது. எடை குறைவு, அந்த எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். சூடு வெளியேற வழி ஏராளம். இந்த வழியை அடைத்து வைப்பதுதான் உரோமத்தின் வேலை. முடிகளுக்கு இடையே தங்கும் காற்றுத்தான் பூனைக்குக் கம்பளி. முடி போனால் கம்பளி போனது.

வளர்ந்த பூனையின் உடல் உஷ்ணம் சுமார் 38 முதல் 39 டிகிரி வரை. மனிதனைவிட ஒரு டிகிரிக்கு மேல் அதிகம். நல்ல உரோமம் உள்ள வளர்ந்த பூனையே, தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளத் தனியாகச் சக்தி செலவிடாமல் நிம்மதியாக இருப்பது 30 டிகிரிக்கு மேற்பட்ட சூழ்நிலையில்தான். நமக்குப் புழுங்கும் அறை அதற்குச் சுகமான அறை. அடுப்பங்கரையை விட்டுப் பூனை நகர மறுப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல.

பிறந்த குட்டியின் நிலைமை இன்னும் மோசம். முதல் வாரத்தில் அதன் உடல் உஷ்ணமே 35, 36 டிகிரி அளவில்தான் நிற்கும். குளிர்ந்தால் உடம்பை நடுக்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் சக்தி அந்த வயதில் அதற்குக் கிடையாது. தாயின் வயிறும் கூடப் பிறந்த குட்டிகளின் உடம்பும்தான் அதற்கு அடுப்பு. தாய் இல்லாவிட்டால் நாம் அடுப்பாக வேண்டும். முதல் வாரத்தில் குட்டி கிடக்கும் இடம் 30 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் 27 முதல் 29 வரை போதும். ஒரு மாதம் ஆனபின் 24 டிகிரி தாங்கும். இது முடியுள்ள குட்டிக்குச் சொல்லப்படும் கணக்கு. முடியில்லாததற்கு இந்த அளவை இன்னும் சில வாரங்கள் நீட்டிக்க வேண்டியிருக்கும். மூணாற்றில் ஜனவரி ராத்திரியில் லயத்து வீட்டுக்குள் என்ன குளிர் இருக்கும் என்பதை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிறு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பூனைக்குட்டி எலிக்குஞ்சைப் போல அம்மணமாகப் பிறப்பதில்லை. கண்ணும் காதும் மூடியிருக்கும். ஆனால் உடம்பில் மெல்லிய உரோமம் இருக்கும். சுத்தமாக முடியே இல்லாமல் ஓட்டு இடுக்கிலிருந்து கீழே விழுந்து கிடப்பது பெரும்பாலும் அணிலின் குஞ்சாகவோ எலியின் குஞ்சாகவோ இருக்கும். பூனைதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால், அது குறைமாதத்தில் பிறந்ததாகவோ, பிறவியிலேயே முடியற்றதாகவோ இருக்கலாம். சில வாரம் வளர்ந்து, முடி இருந்து, பிறகு கொட்டியிருந்தால் அது நோய்.

குண்டு பல்பு போன பிறகு

முன்பெல்லாம் ஒரு வழி சுலபமாக இருந்தது. அட்டைப் பெட்டிக்கு மேலே 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். கோழிக்குஞ்சும் பிழைத்தது, பூனைக்குட்டியும் பிழைத்தது. அந்தப் பல்பு தின்ற மின்சாரத்தில் பெரும் பகுதி வெளிச்சமாகாமல் சூடாகத்தான் போனது. குண்டு பல்பு, சி.எப்.எல். இரண்டின் விற்பனையையும் நிறுத்தப் போவதாகக் கேரள அரசு 2020-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. வீடுகளில் இப்போது எல்.இ.டி. எரிகிறது. மின்சாரக் கட்டணத்துக்கு அது நல்லது. ஆனால் பெட்டிக்கு மேலே எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டுவிட்டுச் சூடு கொடுத்ததாக நினைத்துத் தூங்கப் போகக்கூடாது. வெளிச்சம் மட்டும்தான் விழும்.

கையில் உள்ளதை வைத்தே இதற்கு வழி செய்யலாம். உயரமான அட்டைப் பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏறாமல் இருக்க அதைத் தரையில் வைக்காமல் பலகை மேலோ மடித்த சாக்கின் மேலோ வையுங்கள். அடியில் பழைய காகிதம், அதன் மேல் துவைத்த பருத்தித் துணி. குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். வெந்நீர் கொதிக்கக்கூடாது. சுற்றிய துண்டின் மேல் உள்ளங்கையை ஐந்து நிமிஷம் வைத்திருந்தால் இதமாக இருக்க வேண்டும். கையை எடுக்கத் தோன்றினால் அது அதிகம். பாட்டிலைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். மறு பாதி வெறுமனே இருக்கட்டும். சூடு அதிகமாகிவிட்டால் குட்டி தானே நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடுவதால்தான் பல குட்டிகள் வெந்து போகின்றன. முடியில்லாத தோல் சுட்டாலும், பலவீனமான குட்டியால் விலகிப் படுக்க முடியாது.

பாட்டில் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆறிவிடும். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டைத் தானே உறிஞ்சத் தொடங்கும். ஆகவே நள்ளிரவில் ஒரு முறையாவது எழுந்து மாற்றத்தான் வேண்டும். இரண்டு பாட்டில்களை முறை வைத்து மாற்றினால் சிரமம் குறையும். பெட்டியின் மேல் முக்கால் பாகத்தைத் துணியால் மூடலாம், முழுவதும் மூடக்கூடாது.

கரி அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திவிடாதீர்கள். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாத விஷம். மலைப்பிரதேசங்களில் குளிருக்காக இப்படித் தூங்கிய மனிதர்களே எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஜில்லிட்டுப் போன குட்டி கையில் கிடைத்தால் அவசரப்பட்டுக் கணப்பில் காட்டக்கூடாது. சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. சட்டைக்குள் மார்போடு சேர்த்து ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொள்வதைவிடச் சிறந்த முறை கிடையாது. (தொற்றுள்ள குட்டியாக இருந்தால் துணி கட்டாயம், காரணம் பின்னால் வருகிறது.) இன்னொன்றும் முக்கியம். குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள். உடல் உஷ்ணம் 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் குடல் வேலை செய்வது நின்றுவிடுகிறது. பால் வயிற்றில் அப்படியே கிடந்து கெடும். அல்லது மூச்சுக்குழலுக்குள் போகும். சிறு விரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் சூடாக இருந்து, விரலைச் சப்ப முயன்றால் பால் கொடுக்கலாம்.

பாலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பூனைப் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப் போல இரு மடங்குக்கும் அதிகம். அதனால் வெறும் பசும்பாலில் குட்டி வளராது. கூடவே பேதியும் ஆகும். குட்டிகளுக்கென்று விற்கும் பால் மாவு கிடைக்கும் வரை ஓரிரு நாளைக்கு, ஒரு கப் பாலில் ஒரு முட்டையின் மஞ்சள் கருவை அடித்துக் கலந்து, கைச்சூட்டில் கொடுத்துச் சமாளிக்கலாம். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் படுக்க வைத்துப் புகட்டக்கூடாது. குப்புறப் படுத்துத் தலை சற்றுத் தூக்கிய நிலையில், அது தாயிடம் எப்படிக் குடிக்குமோ அப்படியே குடிக்கட்டும்.

அலமாரியில் இருக்கும் எமன்

இனி அந்த மருந்து அலமாரி.

நம் உடம்பிலும் நாய், மாடு போன்றவற்றின் உடம்பிலும் ஒரு விஷப் பொருள் புகுந்தால், கல்லீரல் அதனுடன் சர்க்கரையைச் சேர்ந்த ஓர் அமிலத்தை ஒட்டி, தண்ணீரில் கரையும்படி ஆக்கி, சிறுநீரில் தள்ளிவிடுகிறது. பூனையின் கல்லீரலில் இந்த வேலையைச் செய்யும் முக்கியமான நொதி ஒன்று இல்லை. அதை உண்டாக்க வேண்டிய மரபணு பூனையின் உடம்பில் இருக்கிறது. ஆனால் பழுதாகி, வேலை செய்யாமல் கிடக்கிறது. இது வீட்டுப் பூனையின் குறை மட்டும் அல்ல, பூனைக் குடும்பத்துக்கே உள்ள குறை என்பதை 2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. தலைமுறை தலைமுறையாக மாமிசம் மட்டுமே தின்று வந்ததால், செடிகொடிகளில் உள்ள நச்சை முறிக்க வேண்டிய தேவை அந்தக் குடும்பத்துக்கு இல்லாமல் போயிற்று என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

இதனுடன் பூனையின் இன்னொரு குணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தன் உடம்பை நாள் முழுவதும் நக்கும். தோலில் தடவியது எதுவானாலும் வயிற்றுக்குள் போய்ச் சேரும். முடியற்ற, புண்பட்ட தோல் என்றால் நேராக இரத்தத்திலும் ஊறும். பூனைக்குப் பூச்சு மருந்து என்று ஒன்று தனியாகக் கிடையாது. எல்லாமே உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துதான்.

எனவே டெட்டால், பினாயில் போன்ற பீனால் வகைகள் ஆகாது. யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும், அவை கலந்த தலைவலித் தைலங்களும் ஆகா. மலைத் தோட்டங்களில் சளிக்கும் உடம்பு வலிக்கும் எதற்கெடுத்தாலும் யூகலிப்டஸ் தைலம்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். நக்கும்போது நுரையீரலில் இறங்கி நிமோனியா உண்டாக்கும்.

மனிதருக்கு வரும் சொறி சிரங்குக்கு ஆஸ்பத்திரியில் தரும் பெர்மெத்ரின் களிம்பு நமக்கு நல்ல மருந்து. பூனைக்கு அது நரம்பு விஷம். உடம்பு உதறி, வலிப்புக் கண்டு இறந்துவிடும். நாய்க்கு உண்ணி போக விற்கும் பவுடர்களிலும் சொட்டு மருந்துகளிலும் இதே பெர்மெத்ரின் இருப்பதுண்டு. "நாய்க்குப் போடுவதுதானே, பூனைக்குக் கொஞ்சமாகப் போடலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. பழைய வெள்ளை லோஷனான பென்சைல் பென்சோயேட்டும் அப்படியே. படர்தாமரைக்குத் தடவும் களிம்புகள் சிலவற்றில் சாலிசிலிக் அமிலமும் பென்சாயிக் அமிலமும் உண்டு. அவற்றையும் பூனையிடம் கொண்டுபோகக்கூடாது.

காய்ச்சல் மாத்திரை விஷயம் தனி. குட்டி அனத்துகிறது என்று பாரசிட்டமால் மாத்திரையில் கால் துண்டைக் கரைத்துப் புகட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு மாத்திரை வளர்ந்த பூனையைக் கொல்லப் போதுமானது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, ஈறு பழுப்பாகவும் நீலமாகவும் மாறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் சாகும்.

தேங்காய் எண்ணெய்? கேரளத்தில் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி. அது விஷம் அல்ல. ஆனால் சொறிப்பூச்சியை அது தீர்த்துவிடும் என்று நம்பக்கூடாது. நிறையத் தடவினால் குட்டி நக்கி நக்கிப் பேதியாகும். எண்ணெய் பூசிய குட்டியை எறும்பு விட்டுவைக்காது என்பது லயத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பொருக்கு ஊறுவதற்கு ஒரு துளி போதும்.

ஏற்கெனவே எதையாவது தடவியாகிவிட்டது என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, உடனே துடைத்து, காயவைத்து, சூடாகச் சுற்றி டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்க முயலக்கூடாது. தடவிய பாட்டிலையும் டியூபையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

எந்தச் சொறி?

முடி கொட்ட வைக்கும் நோய்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும்.

ஒன்று, கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. காது விளிம்பில் தொடங்கும். பிறகு நெற்றி, கண் இமை, கழுத்து என்று இறங்கும். தோல் தடித்து, சாம்பல் நிறத்தில் பொருக்குக் கட்டி, குட்டிக்குக் கிழப்பூனை முகம் வந்துவிடும். அரிப்புத் தாங்காமல் சொறிந்து இரத்தம் வரும். ஒரு குட்டிக்கு வந்தால் ஈற்று முழுவதற்கும் தாய்க்கும் சேர்த்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டும். இந்தப் பூச்சி மனிதர் மேல் ஏறினால் சில நாள் அரிப்பு இருக்கும். நம் தோலில் அது நிலைத்து வாழாது.

மற்றது படர்தாமரை. இது பூச்சி அல்ல, பூஞ்சணம். வட்ட வட்டமாக முடி உதிரும். ஓரத்தில் முடி ஒடிந்து நிற்கும். சாம்பல் தூவியது போலச் செதில் இருக்கும். பல சமயம் அரிப்பே இருக்காது. ஆகவே குட்டி சாதாரணமாக விளையாடிக்கொண்டிருக்கும். அபாயம் அதில்தான். குளிர் நாளில் குழந்தைகள் குட்டியைத் தங்கள் கம்பளிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு தூங்குவார்கள். குட்டிக்கும் சூடு, பிள்ளைக்கும் சூடு. பத்து நாள் கழித்துப் பிள்ளையின் கழுத்திலும் கையிலும் சிவந்த வளையங்கள் தோன்றும். உதிர்ந்த முடியிலும் கம்பளியிலும் இந்தப் பூஞ்சணத்தின் வித்துகள் ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியவை. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில் இது யாரையும் விடாது.

அதற்காகக் குட்டியை எஸ்டேட் ரோட்டில் விட்டுவிட வேண்டியதில்லை. சூட்டுப் பெட்டி அதற்குத் தனியாக இருந்தால் பிள்ளையின் கம்பளி அதற்குத் தேவைப்படாது. விரிப்புத் துணியைத் தினமும் மாற்றி, வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயப் போட வேண்டும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளைக்கு வளையம் தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டும்போது, வீட்டில் பூனைக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆறி ஆறித் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு நோயையும் பார்வையால் மட்டும் நிச்சயமாகப் பிரிக்க முடியாது. தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இரண்டுமே குட்டியின் எடைக்குத் தகுந்தபடி அளந்து கொடுக்க வேண்டியவை. அரைக் கிலோக் குட்டிக்குப் பெரிய பூனையின் அளவைக் கொடுத்தால் நோயும் போகும், குட்டியும் போகும். டாக்டரிடம் போகுமுன் மளிகைக் கடைத் தராசில் ஒரு தட்டில் குட்டியை வைத்து எடை பார்த்துக்கொண்டு போவது நல்லது. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். ஒரு மாதத்தில் சுமார் 400 கிராம் ஆகியிருக்க வேண்டும்.

மலை வெயில் ஏமாற்றும்

குளிரும் குட்டியைக் காலை வெயிலில் போடுவது இயல்பு. இளம் வெயிலில் பத்து நிமிஷம் நல்லதுதான். மூணாறு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூட வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் கூடும். 1000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்பது கணக்கு. காற்று குளிர்ந்திருப்பதால் சுடுவது தெரியாது. முடியில்லாத இளஞ்சிவப்புத் தோல் அரை மணி நேரத்தில் கன்றிப் போகும். காதும் மூக்கும் வெள்ளையாக உள்ள பூனைகளுக்கு ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டுக் காது நுனியில் புற்றுநோய் வருவதுண்டு. நமக்கு விற்கும் வெயில் களிம்பைப் பூசலாமா என்றால் கூடாது. அவற்றில் உள்ள துத்தநாகமும் சாலிசிலேட்டும் நக்கினால் ஆபத்து. நிழல்தான் களிம்பு.

பாலக்காட்டுக் கணவாயில் கதை வேறு. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று தோலை வெடிக்க வைக்கும். பங்குனி, சித்திரையில் தகரக் கூரையின் கீழே பெட்டியே அடுப்பாகிவிடும். அங்கே வெந்நீர் பாட்டிலுக்கு வேலையில்லை. காற்றோட்டமான தரை, ஈரத்துணி விரித்த ஒரு மூலை, நிறையத் தண்ணீர், இவை போதும். வாயைத் திறந்து நாய் போல மூச்சு வாங்குகிற பூனை ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

விலை கொடுத்து வாங்கும் மொட்டைப் பூனை

பணம் கொடுத்து முடியில்லாத பூனையை வாங்குபவர்களும் உண்டு. 1966-ல் கனடாவின் டொரன்டோ நகரில் ஒரு சாதாரணப் பூனை முடியற்ற குட்டி ஒன்றை ஈன்றது. அந்த வம்சம் நிலைக்கவில்லை. 1970-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும், மீண்டும் டொரன்டோவிலும் கிடைத்த குட்டிகளிலிருந்து 'ஸ்பிங்க்ஸ்' என்ற இனம் உருவாயிற்று. உரோமப் புரதம் ஒன்றை உண்டாக்கும் மரபணுவின் கோளாறே இதற்குக் காரணம் என்று 2010-ல் கண்டறிந்தார்கள். இந்தியாவிலும் இந்தப் பூனை பெரும் விலைக்கு விற்கிறது. கோவையிலோ கொச்சியிலோ வசதியுள்ளவர் வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை நம்மவர் ஒருவருக்கு வாய்க்கலாம். அவருக்குச் சில வார்த்தைகள்.

மற்றப் பூனைகளின் தோலில் ஊறும் எண்ணெயை உரோமம் வாங்கிக்கொள்ளும். இதற்கு வாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. படுத்த இடமெல்லாம் பழுப்புக் கறை விழும். மடிப்புகளிலும் நகக் கண்களிலும் அழுக்குச் சேரும். வாரம் ஒரு முறை, வாசனை இல்லாத மென்மையான ஷாம்பூவில், உடல் சூட்டளவு தண்ணீரில் ஐந்து நிமிஷத்தில் குளிப்பாட்டி முடித்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். மலைப்பகுதியில் என்றால் நண்பகலில், ஜன்னல் சாத்திய அறையில். காதில் மெழுகு அதிகம் சேரும். பஞ்சால் வெளிப்புறத்தை மட்டும் துடைக்கலாம். சட்டை போடுவதானால் பருத்தியில் போட வேண்டும். முரட்டுக் கம்பளி தோலை உராயும். தின்பதும் மற்றப் பூனையைவிட அதிகம், சூட்டுக்கே பாதி செலவாகிவிடுவது போல. இந்த இனத்துக்கு இருதயத் தசை தடிக்கும் நோய் வருவதுண்டு என்பதால், மூச்சு வாங்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

மீசைகூட இல்லாமல், குளிரும் வெயிலும் தாங்க முடியாத ஒரு பிராணியைத் தெரிந்தே உண்டாக்குவது சரியா என்ற கேள்வி மேல்நாட்டிலேயே எழுந்திருக்கிறது. நெதர்லாந்து 2026 ஜனவரி 1 முதல் இப்படிப்பட்ட பூனைகளைப் புதிதாக வளர்ப்பதற்கே தடை விதித்தது. நியாயமான தடைதான்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது

மூணாற்றுக்குப் பக்கத்து மாட்டுப்பட்டியில் 1963-ல் சுவிட்சர்லாந்து நாட்டு உதவியுடன் மாட்டுப் பண்ணை தொடங்கியதை அந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. மாட்டுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு இருக்க, பூனையைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போவதா என்று பலருக்கும் கூச்சம். கூச்சம் வேண்டாம். அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் பூனையையும் பார்ப்பார்கள். மலையாளத்தில் அதற்கு 'மிருகாசுபத்ரி' என்று பெயர். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும். 'பூச்சக்குட்டி' என்றால் பூனைக்குட்டி. 'ரோமம் கொழிச்சில்' என்றால் முடி உதிர்தல். சொறிக்குச் சொறி என்றே சொல்லலாம். படர்தாமரை என்றால் புரியாமல் விழிப்பார்கள்; அது அங்கே 'வட்டச்சொறி'. குளிர் என்பதற்குத் 'தணுப்பு'. எத்தனை நாளாக, எங்கே தொடங்கியது, எதைத் தடவினோம், வீட்டில் யாருக்காவது அரிப்பு உண்டா என்ற நான்கையும் சொல்லிவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. மண்ணெண்ணெய் தடவியதை மறைக்கக்கூடாது. திட்டினாலும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளூரில் முடியாவிட்டால் பாலக்காட்டுப் பக்கத்தாருக்கு திருச்சூரை அடுத்த மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; 1955-ல் தொடங்கியது. போடிமெட்டு, குமுளி வழியாகத் தமிழ்நாட்டுக்கு இறங்குபவர்களுக்குத் தேனியிலும், மறையூரிலிருந்து சின்னாறு வழியாகவோ சித்தூரிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ போகிறவர்களுக்கு உடுமலைப்பேட்டையிலும் 2020-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மலைப் பஸ்ஸில் கொண்டு போகும்போது கூடையின் அடியில் வெந்நீர் பாட்டில் ஒன்றை மறக்க வேண்டாம். திறந்த ஜன்னலோரம் உட்கார வேண்டாம்.

குட்டியைக் கையாளும்போது பிறாண்டாமல் இருக்காது. சொறியுள்ள குட்டி வலியில் கடிக்கவும் செய்யும். பிறாண்டல் சிறிதானாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாயிடமிருந்து மட்டுமல்ல, பூனையிடமிருந்தும் வெறிநோய் வரும், மலையாளத்தில் 'பேவிஷபாத'. வந்தபின் அதற்கு வைத்தியம் கிடையாது; வருமுன் ஊசி உண்டு. குட்டி பிழைத்து மூன்று மாதம் ஆனதும் அதற்கும் அந்தத் தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும். அதற்குள் பெரும்பாலும் முடி முளைத்திருக்கும். முதலில் காதுக்குப் பின்னால் பூனை மயிர் போல மெல்லியதாக வரும். நிறம் சற்று மாறியும் இருக்கலாம். அதுவரை பெட்டியும் பாட்டிலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.